குழாய்ப் பக்கம் குனிகிறவன்

இந்தக் காலத்தில் யாரும் முகத்தைப் பார்த்து உன்னிடம் தப்பு இருக்கிறது என்று சொல்வதில்லை. பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார்கள். வங்கியில் ஒரு பெட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டி, வண்டியைச் சோதிக்கிற இடத்திலும் ஒரு பெட்டி. "நான் என்ன பண்ணட்டும், இதுல அப்படித்தான் வருது" என்பார்கள். முன்பெல்லாம் ஒருவன் நம்மைக் கவிழ்க்க வேண்டுமென்றால் வாயைத் திறந்து பொய் சொல்லவேண்டும். அதற்குக் கொஞ்சமாவது தைரியம் வேண்டும். இப்போது பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு கழுத்தை அறுத்துவிட்டு, "அடுத்த வண்டி" என்று கூப்பிடுகிறார்கள்.

என் கழுத்தை அறுத்தவன் அந்நியன் இல்லை. என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வண்டிகளின் புகையைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கிற கொட்டகையில் அவன்தான் சோதனைக்காரன்.

என்னுடையது டீசல் வேன். இருபத்திரண்டு வயது. மூன்று விடுதிகளின் அழுக்குப் படுக்கை விரிப்புகளை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சலவைக்கூடத்தில் இறக்குவேன். சாயங்காலம் வெளுத்த விரிப்புகளை ஏற்றிக்கொண்டுபோய் விடுதிகளில் கொடுப்பேன். எனக்கும் என் மனைவிக்கும் சோறு அதில்தான். வேறு வழி கிடையாது. இந்த வயதில் எனக்கு இன்னொரு வண்டி வாங்கக் கடன் கொடுக்கிற பைத்தியக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை என்று சட்டம் வந்தது. நூற்றுக்கு அறுபத்தைந்து வரைக்கும் புகை கறுப்பாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் தேறவில்லை. மாதக் கடைசிக்குள் சரிசெய்து மறுபடி வரலாம். மூன்று தடவை தேறாவிட்டால் அங்கேயே நம்பர் பலகையைக் கழற்றிக்கொள்வார்கள். வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய்விடும்.

முதல் தடவை எழுபத்துநாலு வந்தது. இரண்டாவது தடவை அறுபத்தொன்பது.

சோதனை என்பது இவ்வளவுதான். சைலன்சர் வாயில் ஒரு கம்பிக் குழலைச் செருகுவான். அதிலிருந்து இரண்டு கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், சக்கரம் வைத்த பெட்டிக்குப் போகும். வண்டிக்குள் ஏறி ஆக்சிலேட்டரை நாலு தடவை அடிவரைக்கும் மிதிப்பான். புகை குழாய் வழியாகப் பெட்டிக்குள் போகும். எவ்வளவு கறுப்பு என்று எண் வரும். எண்ணைக் காட்டுவான். நம் கண்ணுக்கு எண்தான் தெரியும், குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

இரண்டாவது தடவை எண்ணைக் காட்டிவிட்டு அவன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, நாசில் சொட்டுது. நாலையும் கழற்றிப் பாருங்க. சத்தத்துலயே தெரியுது."

"எனக்கே நாசில் பாடமா?"

"பாடம் இல்லண்ணே. சொல்றேன்."

"சொல்லாத. உன் பெட்டிய சொல்லச் சொல்லு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வண்டிக்கு அங்கே 'அடுப்பு' என்று பெயர். வெள்ளை விரிப்பை ஏற்றிக்கொண்டு கறுப்புப் புகை விடுகிறேனாம். "அடுப்பு அணைஞ்சிருச்சா பெரியவரே, இன்னும் கொஞ்சம் விறகு போடவா?" என்று பால் வண்டிக்காரன் கத்தினான். அவன் வண்டி என்ன பூவா விடுகிறது?

நாசில் என்பது எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற மூக்கு. தூவாமல் சொட்டினால் டீசல் சரியாக எரியாமல் புகையாகப் போகும். இது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடம் பஸ் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக இருந்தவன் நான். படிப்பு நாலாம் வகுப்பு. ஆனால் எஞ்சின் மேல் ஒரு திருப்புளியை வைத்து, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்வேன். அந்தப் பணிமனையில் இவன் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். சேர்த்துவிட்டதே நான்தான், கொழுந்தியாள் கண்ணைக் கசக்கினாள் என்பதற்காக. ஒருநாள் ஒரு பஸ்ஸின் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் இறுகி நடுரோட்டில் நின்றுவிட்டது. எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகை யாரோ சரியாக முடுக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். இவன்தான் என்று சொன்னேன். இவன் முடுக்காமல் விட்டதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கவா வேண்டும்? அன்றைக்கு இவன் முழிதான் சரியில்லை. வேலை போனது. அதற்கப்புறம் எங்கேயோ படித்து, சான்றிதழ் வாங்கி, இந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தான். பதினேழு வருடமாக அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு விசேஷங்களில் பார்த்தால் "வாங்கண்ணே" என்பான். பதினேழு வருடம் ஒருவன் பேசாமல் இருக்கிறான் என்றால் உள்ளே எவ்வளவு சேர்த்துவைத்திருப்பான்!

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நாசிலும் இல்லை, கீசிலும் இல்லை. இது பழைய பாக்கி. என் வண்டி நம்பரைத் தன் கையாலேயே கழற்றவேண்டும் என்று காத்திருக்கிறான்.

சரி, பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் என் வண்டியை எடுப்பதற்குள் அவன் நாற்காலியை நான் எடுக்கவேண்டும். அன்றிலிருந்து அதுதான் எனக்கு வேலை.

வீட்டில் என் மனைவி ஓயாமல் நச்சரித்தாள்.

"தங்கச்சி போன் பண்ணா. அவர் சொன்னாராம், அந்த நாசிலை மட்டும் பாத்துட்டு வந்தா போதுமாம். மத்தத பாத்துக்கலாம்னு."

"மத்ததப் பாத்துக்குவானா? என்னத்தப் பாத்துக்குவான்?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க ரெண்டு பேரும் மனுசங்க மாதிரி பேசிக்கிட்டா நாங்க அக்கா தங்கச்சி ஏன் இப்படித் தபால்காரி வேலை பாக்கறோம்?"

"அவன் பேச்ச இந்த வீட்ல எடுக்காத."

"எடுக்கல. நாசில் பேச்ச எடுக்கறேன். ஒருநாள் வேலை. போய்க் கழற்றிப் பாருங்களேன்."

ஏர் பில்டரை மாற்றினேன். எண்ணெய் மாற்றினேன். டீசல் தொட்டியைக் கழுவினேன். நாசிலை மட்டும் தொடவில்லை. தொட்டால் அவன் சொன்னதைக் கேட்டதாக ஆகிவிடும். கொழுந்தியாள் காதுக்குப் போகும், அங்கிருந்து அவனுக்குப் போகும், உட்கார்ந்து சிரிப்பான்.

கொட்டகைக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. காலைச் சுமையை இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு அங்கே போய்விடுவேன். பழைய டயர்களை அடுக்கியிருப்பார்கள், அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். கொட்டகை ஒரு மணிவரைதான். இரும்புக் கூரை, தரையில் மஞ்சள் கோடு, பெட்டி, நாற்காலி எல்லாம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். பதினொரு நாள் உட்கார்ந்தேன்.

முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சில வண்டிகளுக்கு அவன் குழலைச் செருகியதும் நேராகப் போய் ஆக்சிலேட்டரை மிதிக்கிறான். சில வண்டிகளுக்குச் செருகியபிறகு பெட்டிப் பக்கம் குனிகிறான். செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து, ரப்பர் குழாயில் கையை வைத்து எதையோ தள்ளுகிறான். அப்புறம்தான் மிதிக்கிறான். சோதனை முடிந்ததும் மறுபடி குனிகிறான்.

எனக்கு ஞாபகம் வந்தது. என் வண்டிக்கு இரண்டு தடவையும் குனிந்தான்.

சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். குனிந்தால் ஒரு கோடு, குனியாவிட்டால் ஒரு வட்டம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, கோடும் வட்டமும் போதும். நாலாவது நாளில் பார்த்தால் கோடு எல்லாம் கிழட்டு வண்டிகள். புது வண்டி ஒன்றுக்குக்கூட அவன் குனியவில்லை. எங்களை மாதிரி ஆட்களைத்தான் குறிவைக்கிறான் என்று தெளிவாகிவிட்டது. கோடு விழுந்த வண்டிகளில் நிறையப் பேர் சீட்டு வாங்கிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார்கள் என்பது உண்மைதான். அவர்கள் தனியாக எதையாவது கொடுத்திருப்பார்கள். நான் கொடுக்கவில்லை.

பஞ்சர் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எதிர்க்க இருக்கிறவர் எப்படி?"

"நல்ல மனுசன். அப்பப்ப வந்து சைக்கிள் ட்யூப்ல ஒரு விரல் அகலத்துக்கு வளையம் மாதிரி வெட்டி வாங்கிட்டுப் போவார்."

"எதுக்கு?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? மனுசன் ரப்பர் வளையம் வாங்கினா அரெஸ்டா பண்ணமுடியும்?"

அங்கேதான் எனக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்தது. ரப்பர் வளையம். அதைக் குழாயின்மேல் மாட்டியிருக்கிறான். அதைத் தள்ளி இறுக்கினால் குழாய் நெரியும், புகை அடர்த்தியாகும், எண் ஏறும். இருபத்தாறு வருடம் எஞ்சின் பார்த்த மூளை. தப்பாகப் போகாது.

பன்னிரண்டாவது நாள் போக்குவரத்து அலுவலகத்துக்கு வெளியே மேஜை போட்டு மனு எழுதித் தருகிறவரிடம் போய் உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதினார். வண்டிக்கு வண்டி குழாயில் கைவைத்து எண்ணை மாற்றுகிறான், என் வண்டிக்கே இரண்டு தடவை குனிந்தான், கோடு போட்ட இந்தச் சீட்டுகள்தான் ஆதாரம், மூன்றாவது சோதனைக்கு நான் போகிற அன்றைக்கே மேலதிகாரி வந்து நேரில் பார்க்கவேண்டும். தேதியும் போடச் சொன்னேன்.

"ஆளு உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?"

"அந்நியன்மேல யாரும் நாலு பக்கம் எழுதமாட்டாங்க."

"எழுதறது உங்க வேலை. ஆராயறது இல்ல."

"சரி சரி. கடைசியில என்ன வேணும்னு போடட்டும்?"

"நியாயம்னு போடுங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே போட்டார்.

என் மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தங்கையிடம் சொல்லிவிடுவாள். சோதனைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது, நான்கு நாளும் நன்றாகத் தூங்கினேன். சாப்பாட்டுக்கு நடுவில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன் போலிருக்கிறது. "என்னங்க, தானா சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மனதுக்குள் அவன் முகத்தைப் பல தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி குழாயைத் தூக்கிக் காட்டுவார். அவன் எச்சில் விழுங்குவான். "அண்ணே" என்பான். "யாருக்கு யார்டா அண்ணன்?" என்று நான் கேட்பேன். இதைக் குளிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சோதனை நாள் வந்தது. வண்டியை இரண்டாவது கியரில் அரைமணி நேரம் அலறவிட்டு, உள்ளே தேங்கிய கரியைத் துப்பவைத்து, சூடு ஆறுவதற்குள் கொட்டகைக்கு ஓட்டிவந்தேன். வரிசையில் முதல் ஆள் நான். பின்னால் பதினேழு வண்டி. பால் வண்டிக்காரன் எனக்கு அடுத்து.

"அடுப்பு இன்னைக்குச் சீக்கிரம் பத்தவெச்சுட்டாங்க டோய்!"

"சிரிச்சுக்கோ. இன்னைக்கு ஒரு வேடிக்கை இருக்கு" என்றேன்.

சகலை என் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காதைச் சாய்த்துக் கேட்டான்.

"நாசில் பாக்கலையா அண்ணே?"

"பாக்கல."

பெருமூச்சு விட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "முந்திக்குப் பரவால்ல. சத்தம் கொஞ்சம் தேவலாம். ஆகட்டும், வாங்க" என்றான்.

அப்போதுதான் ஒரு சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியது ஒரு அதிகாரியம்மா. ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை. என் மனுவை மடித்துக் கையில் வைத்திருந்தார். சகலையின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் நான் பார்த்த நல்ல காட்சி அது.

"வழக்கம்போல பண்ணுங்க. நான் நின்னு பாக்கறேன்" என்றார் அந்தம்மா.

அவன் குழலைச் செருகினான். குனியவில்லை. நேராக வண்டியின் கதவுப் பக்கம் வந்தான்.

"ஏன், குனியலையா?" என்று நான் கேட்டேன். வரிசைக்கே கேட்கிற மாதிரி கேட்டேன். "தினமும் குனிவியே? இடுப்பு வலியா?"

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே, இன்னைக்கு வேண்டாம். வண்டிய எடுத்துட்டுப் போங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. மாசக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு, நாசிலப் பாத்துட்டு வாங்க. சொல்றதக் கேளுங்க."

"பயமா?"

"ஆமா. பயந்தான். உங்க வண்டிக்குப் பயப்படறேன்."

"அம்மா!" என்று கத்தினேன். "வண்டிய எடுத்துட்டு ஓடச் சொல்றான், கேட்டுக்கங்க! குழாயப் பாருங்க! பெட்டிக்குப் பக்கத்துல, அடியில!"

அந்தம்மா பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துத் தரையில் மண்டியிட்டார். புடவையில் கரி படுமே என்றுகூடப் பார்க்கவில்லை. குழாயைத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். குழாயின்மேல் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று. அதை நகர்த்தினார். அடியில் நகத்தின் அளவுக்கு ஒரு வெட்டு.

"இது என்ன?"

சகலை கைக்கரியைக் கால்சட்டையில் துடைத்தான்.

"நான் சொன்னேன்ல!" என்று வரிசையைப் பார்த்துக் கையைத் தட்டினேன். "எத்தன பேரு வண்டிய இந்த ஓட்டையால ஒழிச்சான்னு கேளுங்கம்மா!"

அந்தம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வளையத்தை மறுபடி வெட்டின் மேல் இழுத்து மூடினார். "மிதிங்க" என்றார் சகலையிடம். அவன் வண்டியில் ஏறி நாலு தடவை மிதித்தான். கொட்டகை முழுக்க என் வண்டிதான் கத்தியது.

பெட்டியில் எண்பத்திரண்டு.

"இப்ப வளையத்த விலக்கிட்டு" என்றார். விலக்கினார். வெட்டு திறந்து நின்றது. மறுபடி நாலு மிதி.

அறுபத்துநாலு.

வரிசையில் நின்றவர்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள். என் வண்டிமட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"புரியுதா பெரியவரே?" என்று அந்தம்மா கேட்டார். "வெட்டு வழியா வெளிக்காத்து உள்ள போகுது. புகையோட கலக்குது. எண் இறங்குது. பால்ல தண்ணி கலக்கற மாதிரி."

"என்னைப் பாத்து ஏம்மா சொல்றீங்க?" என்றான் பால் வண்டிக்காரன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

"இவர் குனிஞ்சது எண்ண ஏத்தறதுக்கு இல்ல, இறக்கறதுக்கு. உங்க மனுல எழுதியிருக்கற கோடு எல்லாம் இவர் தப்பிக்கவிட்ட வண்டிங்க. உங்களுக்கும் ரெண்டு தடவை குனிஞ்சார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படியும் எழுபத்துநாலு வந்திருக்குன்னா, அன்னைக்கு உங்க வண்டி உண்மையில தொண்ணூறுக்கு மேல இருந்திருக்கும்."

அந்தம்மா சகலையின் பக்கம் திரும்பினார். "ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நாலு புள்ளி, அஞ்சு புள்ளியில ஒருத்தன் சோறு போகுதும்மா. பாத்துட்டிருக்க முடியல."

"அந்தப் புகைய தினம் மூச்சுல இழுக்கறவன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எண்பத்திரண்டுதான் உண்மையான எண் என்று எழுதினார். மூன்றாவது தடவையும் தேறவில்லை. பலகையைக் கழற்றவேண்டும். கழற்றுவது சோதனைக்காரன் வேலை. "இத முடிச்சுட்டு சாவிய எங்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. கடுதாசி வரும்" என்று அவனிடம் சொன்னார்.

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு என் வண்டியின் முன்னால் உட்கார்ந்தான். திருகு இரண்டும் துருப்பிடித்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் சுத்தியால் தட்டி உடைத்திருப்பான். இவன் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்த வசனம் வாய்வரைக்கும் வந்து நின்றது.

"எனக்கு நல்லது பண்றவன் சொல்லிட்டுப் பண்ணியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க இந்த வண்டிய இங்க கொண்டு வந்திருப்பீங்களா?"

"வேற இடத்துக்குப் போயிருப்பேன்."

"வேற இடத்துல மொத நாளே தொண்ணூறுன்னு எழுதி, உங்க மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டு, மத்த ரெண்டு தடவையையும் சேத்தே எழுதியிருப்பாங்க." ஸ்பேனரைத் திருப்பினான். திருகு வழுக்காமல் வந்தது. "ஒரே ஒரு நாசில் வேலைண்ணே. நீங்க பண்ணினா ரெண்டு மணி நேரம். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் அந்த சத்தம். திருப்புளிய காதுல வெச்சு."

"என்கிட்ட கத்துக்கிட்டவன் எண்ணெய்த் திருக முடுக்காம விடமாட்டான்."

அவன் கையை நிறுத்தினான். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அதற்குப் பதில் சொன்னான்.

"நான் முடுக்கினேன்."

அவ்வளவுதான் சொன்னான். பலகையைக் கழற்றித் துணியால் துடைத்து அந்தம்மாவிடம் கொடுத்தான்.

பின்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வெட்டு அகப்பட்டுவிட்டது, இனிமேல் உண்மையான எண்தான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். மணல் லாரிக்காரர் பின்னால் எடுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நல்லா இரு பெரியவரே. உன் புண்ணியத்துல எல்லாரும் நடந்தே போவோம்" என்றார். பால் வண்டிக்காரன் அதுகூடச் சொல்லவில்லை. என் காலடியில் துப்பிவிட்டுப் போனான். துப்பட்டும். சகலை அவனுக்குக் குனிந்தான், அவன் சீட்டு வாங்கினான், அதனால் கோபம். என் கோபத்தை யார் கேட்டார்கள்?

வண்டிக்குள்ளிருந்து ஜாக்கி, தண்ணீர் பாட்டில், இருக்கையில் விரித்திருந்த துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். மூன்று விடுதிகளிலும் சாயங்காலம் விரிப்புக்குக் காத்திருப்பார்கள். முதலில் திட்டுவார்கள், நாளைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். போன் அடித்தது. என் மனைவி. செய்தி அதற்குள் அக்கா தங்கச்சி வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்ன பண்ணித் தொலச்சீங்க?" என்று அழுதாள். "அந்த மனுசன் நமக்காகத்தான் பண்ணியிருக்காருன்னு தங்கச்சி சொல்றா. அவருக்கு வேலை போச்சாமே?"

"போச்சு."

"நம்ம வண்டி?"

"அதுவும் போச்சு."

"இப்ப திருப்தியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன். "பாதி" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வாசலில் சகலை கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தான். வேலை போன ஆள் மாதிரி இல்லை, வேலை முடிந்த ஆள் மாதிரி நின்றான்.

"வாங்கண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்தான். அந்தப் பைய குடுங்க, கனமா இருக்கும்."

"கைய எடு."

"எடுத்துட்டேன். வெயிலா இருக்கு, நாலு கிலோமீட்டர். பஸ்ல வந்து எங்கூடப் பேசாம உக்காந்துக்கங்க. பதினேழு வருசம் பழக்கந்தானே."

நான் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். பஞ்சர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு ட்யூபைத் தண்ணீரில் அழுத்தினார். நடந்தேன். ஜாக்கி பைக்குள் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது.

நடக்க நடக்க ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நல்லது செய்கிறவன் ஓட்டையை ஏன் வளையம் போட்டு மூடி வைக்கிறான்? அறுபத்துநாலு. சரியாக ஒரே ஒரு புள்ளி குறைவு. அவ்வளவு கச்சிதமாக ஒரு எண் எப்படி வரும்? அந்தம்மா மண்டியிட்டதும் கை நேராக அந்த இடத்துக்கே போனதே, எப்படி? தடவிக்கொண்டு போனார்தான். தடவுகிற மாதிரி காட்டுவது பெரிய வேலையா? அவன் "முடுக்கினேன்" என்றானே. பதினேழு வருடம் வாயில் வராத வார்த்தை, எல்லாரும் அவனை நல்லவன் என்று பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில்தானா வரவேண்டும்?

இரண்டாவது கிலோமீட்டரில் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னல் ஓரமாக அவன் உட்கார்ந்திருந்தான். கையைத் தூக்கினான். எனக்குக் கை காட்டினானா, கம்பியைப் பிடித்தானா, தெரியவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு புகை அடங்குகிறவரைக்கும் நின்றேன். அந்த பஸ் விட்ட புகை எண்பதுக்குக் குறையாது. அதை எவன் நிறுத்தி எண்ணிப் பார்த்தான்? நான் பாட்டுக்கு நடந்தேன்.